ஹைக், ஸ்விட்ச், அலகேஷன்: ஐ.டி. ஊழியர் எதை வளர்ச்சி என்கிறார்?

ஏப்ரல், மே மாதங்களில் சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் டீக்கடையில் நின்றால் ஒரே கேள்விதான் காதில் விழும்: "லெட்டர் வந்துச்சா?" அப்ரைசல் லெட்டரைக் கேட்கிறார்கள், அதாவது வருடாந்திர மதிப்பீட்டுக்குப் பின் சம்பள உயர்வு எத்தனை சதவீதம் என்று சொல்லும் கடிதம். வந்தவர் எவ்வளவு என்று சொல்ல மாட்டார். "ஏதோ வந்திருக்கு" என்று சிரித்து மழுப்புவார். எதிரே நிற்பவருக்கு அதுவே போதும், ஒற்றை இலக்கம் என்று புரிந்துவிடும்.

மனிதவளத் துறை அனுப்பும் சர்வேயில் "கற்றுக்கொள்ளவும் வளரவும் வாய்ப்பு வேண்டும்" என்று டிக் அடிக்கிற அதே ஊழியர், ஆறு மாதத்தில் பேப்பர் போட்டுவிட்டு (ராஜினாமா கொடுத்துவிட்டு) வேறு கம்பெனிக்குப் போய்விடுகிறார். இந்தத் தலைமுறைக்குப் பொறுமை இல்லை, விசுவாசம் இல்லை, காசுதான் குறி என்று நிர்வாகம் பேசுகிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. நிறுவனம் எப்படிக் கணக்குப் போடுகிறது என்பதை ஊழியர்கள் நன்றாகப் படித்துவிட்டார்கள், அதற்கு ஏற்ற மாதிரி நடந்துகொள்கிறார்கள். அந்தக் கணக்கைப் பார்த்தால்தான் அவர்களுடைய ஊக்கமும் சலிப்பும் எங்கிருந்து வருகின்றன என்று தெரியும்.

ஐ.டி. சேவை நிறுவனத்தின் வருமானம் பெரும்பாலும் ஆட்களின் நேரத்திலிருந்து வருகிறது. அமெரிக்காவில் ஒரு வங்கியோ காப்பீட்டு நிறுவனமோ ஒரு டீமுக்கு இத்தனை டாலர் என்று கொடுக்கும். அந்த டீமில் ஒரு மேனேஜர், ஒன்றிரண்டு லீட், சில டெவலப்பர்கள், அவர்களுக்குக் கீழே படிப்பு முடித்து நேராக வந்த ஃப்ரெஷர்கள். கீழ்த்தட்டு எவ்வளவு அகலமோ அவ்வளவு லாபம். இதற்கு பிரமிட் என்று பெயர். எட்டு வருட அனுபவக்காரர் செய்யும் வேலையை நாலு வருடக்காரர் செய்து கொடுத்தால், சம்பள வித்தியாசம் நிறுவனத்தின் பையில் சேரும். அனுபவம் கூடக் கூடத் தன் மதிப்பு ஏறுகிறது என்று ஊழியர் நினைக்கிறார். ப்ராஜெக்டின் வரவு செலவைப் பார்க்கும் டெலிவரி மேனேஜரின் எக்செல் ஷீட்டில் ஏறுவது அவருடைய செலவு. இரண்டு பேரும் ஒரே ஆளைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

ஆரம்பச் சம்பளத்தைப் பாருங்கள். 2010 வாக்கில் கேம்பஸ் இன்டர்வியூவில் தேர்வான பொறியியல் பட்டதாரிக்கு வருடம் 3 லட்சத்தை ஒட்டிய சம்பளம். பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து டி.சி.எஸ்.ஸின் 'நிஞ்சா' பிரிவில் 3.36 லட்சம், மற்ற பெரிய நிறுவனங்களிலும் மூன்றரையை ஒட்டியே. இதற்கு நடுவே விலைவாசி ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகிவிட்டது. 45 ரூபாயாக இருந்த டாலர் 80-ஐத் தாண்டிவிட்டது. வருமானம் டாலரில் வருகிறது, சம்பளம் ரூபாயில் போகிறது. ஆள் வரத்து அதிகம் என்பதுதான் முக்கியக் காரணம். தமிழ்நாட்டில் மட்டும் அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த பொறியியல் கல்லூரிகள் 400-க்கு மேல். 2024 ஆகஸ்டில் காக்னிசன்ட் அறிவித்த 2.52 லட்சம் சம்பளத்தை இணையமே கிழித்துத் தொங்கவிட்டது. அது மூன்று வருடப் பட்டப்படிப்பு முடித்தவர்களுக்கானது, பொறியியல் பட்டதாரிகளுக்கு 4 லட்சத்திலிருந்து தொடங்கும் என்று நிறுவனம் விளக்கம் கொடுத்தது. ஆனால் அந்தக் கோபம் ஒரு அறிவிப்பின் மேல் மட்டும் வந்தது இல்லை, பத்து வருடமாகச் சேர்ந்தது.

அடுத்து ஹைக், அதாவது வருடாந்திரச் சம்பள உயர்வு. ஒருவருக்கு வருடம் 8 லட்சம் சம்பளம், ஒவ்வொரு வருடமும் 7 சதவீத ஹைக் என்று வைத்துக்கொள்வோம். முதல் வருடம் கூடுவது 56,000. மாதத்துக்கு 4,700 ரூபாய்கூட இல்லை, அதிலும் வரி போக மீதிதான். அதே இடத்தில் ஐந்து வருடம் உட்கார்ந்திருந்தால் 11.2 லட்சம். இந்த ஐந்து ஹைக்கில் ஒன்றுக்குப் பதிலாக ஒரே ஒரு முறை ஸ்விட்ச் அடித்து, அதாவது கம்பெனி மாறி, 30 சதவீதம் வாங்கினால் 13.6 லட்சம். உட்கார்ந்திருந்தவர் ஒவ்வொரு வருடமும் நல்ல ரேட்டிங் வாங்கி 8 சதவீதம், 9 சதவீதம் என்று எடுத்திருந்தாலும் மாறியவரை எட்டிப் பிடிக்க முடியாது. அதனால்தான் டீமில் யாராவது "நான் வளரணும்னு நினைக்கிறேன்" என்று சொன்னால், லீட் உடனே "எங்க ஆஃபர் வந்திருக்கு?" என்று கேட்கிறார். வளர்ச்சி என்றால் வெளியே போவது என்று அங்கே எல்லோருக்கும் தெரியும்.

நல்ல ரேட்டிங்காவது உழைப்புக்குக் கிடைக்கிறதா என்றால், அதுவும் பாதிதான். எந்த ரேட்டிங் எத்தனை சதவீதம் பேருக்கு என்று முன்பே பிரித்துவைக்கும் பெல் கர்வ் என்பது, அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் அதன் தலைவர் ஜாக் வெல்ச் பிரபலமாக்கிய முறையின் வாரிசு: மேலே 20 சதவீதம், நடுவில் 70, கீழே 10. மைக்ரோசாஃப்ட் இதை 2013-ல் கைவிட்டது. நம் ஊர் நிறுவனங்களில் சில வெளிப்படையாகக் கைவிட்டுவிட்டன, சில பெயரை மட்டும் மாற்றிக்கொண்டன. நடைமுறையில் நடப்பது இது. இருபது பேர் டீமில் இரண்டு பேருக்குத்தான் டாப் ரேட்டிங், ஒருவரோ இருவரோ கீழே போயே ஆக வேண்டும். மேனேஜர்கள் ஓர் அறையில் உட்கார்ந்து 'நார்மலைசேஷன்' செய்வார்கள், ரேட்டிங்குகளை அந்தக் கணக்குக்குள் பொருத்துவார்கள். அங்கே வேலையைப் பற்றிப் பேசுவதை விட, யாருக்குப் பதவி உயர்வு பாக்கி, யார் போய்விடுவார் என்ற பயம், யாருக்குப் போன வருடம் கொடுத்தாயிற்று என்பதுதான் அதிகம் பேசப்படும். பிறகு வெளியே வந்து, "உங்க பெர்ஃபார்மன்ஸ் சூப்பர், ஆனா பட்ஜெட் டைட், அடுத்த சைக்கிள்ல கண்டிப்பா பார்க்கலாம்" என்பார்கள். இந்த வசனத்தைக் கேட்காதவர் இந்தத் துறையில் இருக்க முடியாது. செல்ஃப் அப்ரைசல் என்ற பெயரில் ஊழியர் இரவு முழுக்க உட்கார்ந்து பக்கம் பக்கமாக எழுதியதை அந்த அறையில் யாரும் திறந்திருக்கவே மாட்டார்கள்.

வேலை ஊக்கம் பற்றிப் பேசும் எல்லாப் பயிற்சி வகுப்புகளிலும் ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் வருவார். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பகுதியில் 203 பொறியாளர்களையும் கணக்காளர்களையும் பேட்டி எடுத்து, அவரும் கூட்டாளிகளும் 1959-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். சம்பளம், மேலதிகாரி, கம்பெனி விதிகள் சரியில்லை என்றால் மனம் வெறுக்கும், ஆனால் அவை சரியாக இருப்பதாலேயே ஊக்கம் வந்துவிடாது. ஊக்கம் தருவது சாதித்த உணர்வு, அங்கீகாரம், வேலையின் சுவாரசியம், பொறுப்பு, முன்னேற்றம். மேடையில் இதைச் சொல்பவர்கள், "ஆகவே சம்பளம் முக்கியமில்லை" என்று முடித்துக்கொள்கிறார்கள். நிர்வாகத்துக்கு இதைவிட வசதியான வாசிப்பு ஏது! ஹெர்ஸ்பெர்க்கின் பேட்டிகளிலேயே சம்பளம் இரண்டு பக்கமும் வந்தது. பாராட்டின் அடையாளமாக வரும்போது அது மகிழ்ச்சி தந்தது, நியாயம் இல்லாமல் பங்கிடப்படும்போது எரிச்சல் தந்தது. ஓ.எம்.ஆரிலும் அதே கதைதான். தன் ஹைக் 6 சதவீதம் என்பதை ஒருவர் பொறுத்துக்கொள்வார். புதிதாக வெளியிலிருந்து வந்த, தன்னிடமே வேலை கற்றுக்கொள்கிற ஆள் தன்னைவிட மூன்று லட்சம் கூட வாங்குகிறார் என்று தெரியும் நாளில்தான் நௌக்ரி என்ற வேலை தேடும் தளத்தில் ரெஸ்யூமேயைத் தூசி தட்டுகிறார்.

சரி, சம்பளத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைப்போம். இந்தத் துறையில் ஒருவருடைய தொழில்வாழ்க்கையை உண்மையில் தீர்மானிப்பது ரேட்டிங்கும் இல்லை, பயிற்சியும் இல்லை. அலகேஷன்தான். எந்த ப்ராஜெக்டில் போடுகிறார்கள் என்பது.

ஒரே கல்லூரி, ஒரே பேட்ச், ஒரே ஜாவா ட்ரெயினிங் முடித்த இரண்டு பேரை நினைத்துக்கொள்ளுங்கள். பயிற்சி முடிந்ததும் ரிசோர்ஸ் மேனேஜ்மென்ட் குழுவில் இருக்கும் யாரோ ஒருவர் ஷீட்டைத் திறந்து, அந்த வாரம் எங்கே ஆள் தேவை என்று பார்த்துப் பெயரைப் போடுகிறார். ஒருவருக்கு மென்பொருளை கிளவுடுக்கு (இணையவழிக் கணினிகளுக்கு) மாற்றும் ப்ராஜெக்ட். இன்னொருவருக்கு ஏதோ ஒரு பழைய மெயின்ஃபிரேம் (பெரிய மையக் கணினி) அமைப்பின் ப்ரொடக்‌ஷன் சப்போர்ட். இரண்டாமவரின் நாள் இப்படிப் போகும்: ஷிஃப்டில் உட்கார்ந்ததும் டிக்கெட் வரிசையை, அதாவது கோளாறுப் புகார்களைப் பார்க்க வேண்டும். மிக அவசரமான பி-1 டிக்கெட் வந்தால் சில நிமிடத்துக்குள் எடுத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் எஸ்.எல்.ஏ. (கிளையன்டுக்குக் கொடுத்த நேரக் கெடு) மீறிவிடும். ராத்திரி இரண்டு மணிக்கு பிரிட்ஜ் கால், பத்துப் பதினைந்து பேர் லைனில். நின்றுபோன ஜாபை (தானாக ஓட வேண்டிய புரோகிராமை) திரும்ப ஓடவிட்டு, பத்து நிமிடம் கவனித்து, "ஜாப் கம்ப்ளீட்டட், மானிட்டரிங்" என்று எழுதி டிக்கெட்டை மூடுவார். மறுநாளும் அதே ஜாப் அதே இடத்தில் நிற்கும். ஏன் நிற்கிறது என்று உள்ளே போய்ச் சரிசெய்ய அனுமதியும் இல்லை, அதற்கு பில் போட வழியும் இல்லை. நாலு வருடம் கழித்து ரெஸ்யூமே எழுத உட்கார்ந்தால் முதல் கம்பெனி, முதல் ப்ராஜெக்ட், அதற்குப் பிறகு எழுத ஒன்றும் இல்லை. கூடப் படித்தவருக்கு வெளியில் இரண்டு மடங்குச் சம்பளத்தில் ஆஃபர் வருகிறது. இவருக்குத் திறமை குறைவா? ஷீட்டில் பெயர் இரண்டு வரி கீழே இருந்தது, அவ்வளவுதான்.

சப்போர்ட் ப்ராஜெக்டில் மாட்டியவர் நன்றாக வேலை செய்தால் வெளியே வந்துவிடலாம் என்று வெளியாட்கள் நினைப்பார்கள். உள்ளே இருப்பவர்கள் தலைகீழாகச் சொல்வார்கள். அமைப்பைக் கரைத்துக் குடித்த ஆளை கிளையன்ட் விடமாட்டார், கிளையன்ட் விடாத ஆளை மேனேஜர் விடமாட்டார். ப்ராஜெக்டிலிருந்து ரிலீஸ் கேட்டால், "உங்களை மாதிரி இன்னொரு ஆள் கிடைச்சதும் பார்க்கலாம்" என்பார். பாராட்டு மாதிரியும் இருக்கும், பூட்டு மாதிரியும் இருக்கும். சுமாராக வேலை செய்பவருக்கு ரிலீஸ் சீக்கிரம் கிடைத்துவிடுகிறது. இதை இரண்டு முறை பார்த்துவிட்ட இளைஞருக்கு நீங்கள் எந்த ஊக்க உரை கொடுத்தும் பிரயோஜனம் இல்லை.

நிறுவனங்கள் இதற்கு வைத்திருக்கும் பதில் கற்றல் நேரம். வருடத்துக்கு இத்தனை மணி நேரம் இணையப் பாடம் முடிக்க வேண்டும் என்று இலக்கு, அது அப்ரைசல் கோல்ஷீட்டிலும் சேர்ந்துவிடும். நவம்பர் வரை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். டிசம்பரில் நினைவூட்டல் மெயில் வர ஆரம்பித்ததும் வீடியோவை மியூட்டில் போட்டு இரண்டாவது மானிட்டரில் ஓடவிட்டு, இந்தப் பக்கம் டிக்கெட் பார்ப்பார்கள். கடைசியில் இருக்கும் கேள்விகளுக்கான விடைகள் டீம் குழுவில் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கும். சான்றிதழ் வந்துவிடும்.

சோம்பேறித்தனம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. 1971-ல் எட்வர்ட் டெசி என்ற உளவியலாளர் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார். மாணவர்களுக்கு சோமா க்யூப் என்ற கட்டைப் புதிரைக் கொடுத்தார். ஒரு பிரிவுக்கு ஒரு கட்டத்தில் மட்டும் புதிருக்கு ஒரு டாலர் என்று காசு கொடுத்து, பிறகு நிறுத்தினார். காசு வாங்கியவர்கள் அதன் பின் ஓய்வு நேரத்தில் புதிரைத் தொடுவது குறைந்தது. தானாக ஆசைப்பட்டுச் செய்வதற்கு வெளியிலிருந்து விலை வைத்தால், ஆசை விலையோடு சேர்ந்து போய்விடுகிறது. கற்றலை மணிக்கணக்காக்கி ரேட்டிங்கோடு முடிச்சுப் போட்டதில் அதே மாதிரி ஒன்று நடந்திருக்கிறது என்பது என் எண்ணம். அதைவிடப் பெரிய சிக்கல், கற்றதைப் பயன்படுத்த இடம் இல்லாதது. கிளவுட் சான்றிதழ் வாங்கியவர் மறுநாள் காலையில் திரும்பவும் அதே மெயின்ஃபிரேம் ஜாபைத்தான் ஓடவிடப் போகிறார். மூன்று மாதத்தில் படித்தது மறந்துவிடும். வெளியே இன்டர்வியூவுக்குப் போனால், "ரியல் டைம் ப்ராஜெக்ட் பண்ணியிருக்கீங்களா?" என்பதுதான் முதல் கேள்வி.

பெஞ்ச் என்பது முன்பு ஒரு மூச்சுவிடும் இடமாக இருந்தது. ப்ராஜெக்ட் முடிந்து அடுத்தது கிடைக்கும் வரை சம்பளத்தோடு காத்திருப்பது, ஊருக்குப் போய் வருவது, நல்ல ப்ராஜெக்டுக்காகக் கொஞ்சம் பேரம் பேசுவது. 2025 ஜூனில் டி.சி.எஸ். புது விதி கொண்டுவந்தது: வருடத்தில் குறைந்தது 225 நாள் பில்லிங்கில் (கிளையன்ட் காசு கொடுக்கும் வேலையில்) இருக்க வேண்டும், பெஞ்சில் 35 நாளுக்கு மேல் இருக்கக் கூடாது, ப்ராஜெக்ட் தேடிக்கொள்வதில் ஊழியருக்கும் பொறுப்பு உண்டு. கம்பெனிப் பக்கம் இருந்து பார்த்தால் புரியாமல் இல்லை, ஆள் சும்மா இருந்தால் நஷ்டம். ஊழியர் பக்கம் இருந்து பார்த்தால், கைக்குக் கிடைத்த முதல் ப்ராஜெக்டைப் பிடித்துக்கொள்ள வேண்டிய நிலை. தனக்கு எது நல்லது என்று யோசிக்க இருந்த ஒரே இடைவெளியும் சுருங்கிவிட்டது.

அடுத்த மாதமே இன்னொரு அறிவிப்பு. ஆட்களில் 2 சதவீதம், அதாவது சுமார் 12,000 பேரை டி.சி.எஸ். குறைக்கப் போவதாகச் சொன்னது, பெரும்பாலும் நடு மட்டத்திலும் அதற்கு மேலும் இருப்பவர்கள். செயற்கை நுண்ணறிவுதான் காரணமா என்ற கேள்விக்கு, தலைமைச் செயல் அதிகாரி கிருத்திவாசன் இல்லை என்றார். திறன் பொருந்தாததும், அவர்களைப் பொருத்தமான வேலையில் அமர்த்த முடியாததும்தான் காரணம் என்று சொன்னார். அதைப் படித்த நாற்பது வயது மேனேஜர் பலருக்கு வயிற்றில் புளியைக் கரைத்திருக்கும். இவர்களில் நிறையப் பேர் கோடு எழுதப் பிடித்துத்தான் துறைக்கு வந்தார்கள். ஆனால் பத்தாவது வருட வாக்கில் ஏணியில் அடுத்த படி என்று ஒன்றுதான் காட்டப்பட்டது: ஆட்களை நிர்வகிப்பது. டெக்னிக்கல் பாதையும் உண்டு என்று பாலிசியில் எழுதியிருக்கும், அதில் ஏறியவர்களை விரல்விட்டு எண்ணலாம். நிறுவனம் சொன்ன திசையில் நடந்து, ஸ்டேட்டஸ் ரிப்போர்ட்டும் லீவ் அப்ரூவலும் பார்த்துப் பத்து வருடம் ஓட்டியவரிடம், உங்கள் திறன் பொருந்தவில்லை என்று சொல்வது கொஞ்சம் கடுமையான நகைச்சுவைதான்.

இளையவர்கள் இதிலிருந்து பாடம் எடுத்துக்கொண்டார்கள். "மேனேஜர் ஆக வேண்டாம், கோடிங்லயே இருக்கேன்" என்று இருபத்தேழு வயதில் சொல்பவர்களை இப்போது சாதாரணமாகப் பார்க்கலாம். ஆசை குறைந்துவிட்டது என்று இதைச் சிலர் படிக்கிறார்கள். யாரை முதலில் அனுப்புகிறார்கள் என்று பார்த்து எடுத்த முடிவு அது. பெண் பார்க்கப் போகும் இடத்தில் மட்டும் பழைய கணக்குதான். "பையனுக்கு என்ன பேக்கேஜ், ஆன்சைட் போயிருக்காரா, கீழ எத்தனை பேர் வேலை பார்க்கிறாங்க?"

பெண்கள் சொல்லும் பதிப்பில் இன்னொரு அடுக்கு உண்டு. 2017 சட்டத் திருத்தத்துக்குப் பின் 26 வாரம் சம்பளத்தோடு மகப்பேறு விடுப்பு. சட்டம் வேலையைக் காப்பாற்றுகிறது, ப்ராஜெக்டைக் காப்பாற்றுவதில்லை. திரும்பி வரும்போது பழைய இடத்தில் வேறு ஆள் இருப்பார், இவர் பெஞ்சிலிருந்து தொடங்க வேண்டும். அந்த வருட ரேட்டிங்கைப் பற்றி யாரும் பெரிதாக எதிர்பார்ப்பதும் இல்லை.

2021, 22-ல் என்ன நடந்தது என்பதை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். கொரோனாவுக்குப் பின் உலகமே டிஜிட்டலுக்கு ஓடியபோது ஆள் தட்டுப்பாடு வந்தது. ஊழியர்கள் கையில் முதல்முறையாகத் துருப்புச் சீட்டு. இன்ஃபோசிஸில் வெளியேறுவோர் விகிதம் 2022 ஜூன் காலாண்டில் 28.4 சதவீதம், டி.சி.எஸ்.ஸில் அதே வருடம் செப்டம்பர் காலாண்டில் 21.5 சதவீதம். இந்தத் துறையில் ராஜினாமாவுக்குப் பின் வேலை பார்க்க வேண்டிய நோட்டீஸ் காலம் பொதுவாக 90 நாள். ஆள் போகாமல் பிடித்து வைக்கப் போட்ட விதி, அந்த நாட்களில் ஆஃபர் சேகரிக்கும் காலமாக மாறிப்போனது. முதல் ஆஃபரைக் காட்டி இரண்டாவது, இரண்டாவதைக் காட்டி மூன்றாவது, கடைசியில் சொந்தக் கம்பெனியே ஒரு கவுண்டர் ஆஃபர். ஐந்து வருடம் கேட்டும் கிடைக்காத சம்பளம் பேப்பர் போட்டவுடன் கிடைக்கிறது என்றால், அது வரை பட்ஜெட் டைட் என்று சொன்னது என்ன கணக்கு? அதே செப்டம்பரில்தான் போட்டி நிறுவனங்களுக்கும் வேலை பார்த்ததாக 300 பேரை நீக்கியதாக விப்ரோ தலைவர் ரிஷத் பிரேம்ஜி சொன்னார். இப்படி மறைவாக இரண்டாவது வேலை பார்க்கும் மூன்லைட்டிங் நேர்மையா என்று பெரிய விவாதம் நடந்தது. ஏன் செய்கிறார்கள் என்பதில் காசோடு இன்னொரு காரணமும் இருந்தது, அது விவாதத்தில் அவ்வளவாக வரவில்லை: பகலில் டிக்கெட் மூடுகிறவருக்கு ராத்திரி செய்த அந்த வேலையில்தான் புதிதாக ஏதாவது எழுத வாய்ப்புக் கிடைத்தது.

பிறகு சந்தை இறங்கியது, வெளியேறுவோர் விகிதமும் 12, 13 சதவீதத்துக்கு வந்துவிட்டது. ஊழியர்கள் திருப்தி அடைந்துவிட்டார்கள் என்று சில நிறுவனங்கள் தங்கள் அறிக்கையில் மகிழ்ந்துகொண்டன. கதவு மூடியிருந்தால் யாரும் வெளியே போக மாட்டார்கள் என்பது அறிக்கையில் வராது.

இப்போது பலரின் கனவு ஜி.சி.சி. எனப்படும் வெளிநாட்டு நிறுவனங்களின் சொந்த மையங்கள். ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட், உலக வங்கி, ஃபோர்டு என்று சென்னையில் பல. இந்தியா முழுக்க 1,700-க்கு மேல், சுமார் 19 லட்சம் பேர் வேலை பார்க்கிறார்கள் என்பது 2024 கணக்கு. சம்பளம் கூட என்பது உண்மை. போனவர்களைக் கேட்டால் இன்னொன்றும் சொல்கிறார்கள்: அங்கே ஆளின் நேரத்தை வேறு யாருக்கும் பில் போட வேண்டியதில்லை, அதனால் ஒரு கோளாறு ஏன் வருகிறது என்று இரண்டு நாள் உட்கார்ந்து பார்க்கலாம். வேறொரு திசையில் ஸோஹோ. பள்ளிப் படிப்பு முடித்தவர்களைத் தன் சொந்தப் பள்ளியில் உதவித்தொகையோடு பயிற்சி கொடுத்து எடுத்துக்கொள்கிறது. தென்காசிப் பக்கமே அலுவலகம் இருக்கிறது. பட்டம் இல்லாதவர் அங்கே வளர முடிகிறது என்றால், படித்ததை உடனே ஒரு ப்ராடக்டில் போட்டுப் பார்க்க இடம் இருப்பதும் ஒரு காரணம். எல்லோருக்கும் அது ஒத்துவராது. அங்கே சேர்ந்தவருக்கு வெளிச் சந்தையில் என்ன விலை என்ற கேள்வி வேறு விதமாக எழும்.

சேவை நிறுவனங்களுக்குள்ளேயே ஒரு வழி இருக்கிறது. இன்டர்னல் ஜாப் போஸ்டிங் என்று எல்லோரிடமும் ஒரு போர்ட்டல் உண்டு. எந்த ப்ராஜெக்டில் என்ன இடம் காலி என்று பார்த்து ஊழியரே விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டே போனால், பல இடங்களில் கடைசிக் கட்டம் 'தற்போதைய மேனேஜரின் ஒப்புதல்'. அந்த மேனேஜரின் அப்ரைசலோ, ஆள் போகாமல் டீமைக் காப்பாற்றியதைப் பொறுத்தது. ஊழியர் அந்தக் கட்டம் வரை வந்து, விண்ணப்பத்தை அப்படியே விட்டுவிட்டு, லிங்க்ட்இன்னைத் திறக்கிறார். அங்கே யாருடைய ஒப்புதலும் தேவையில்லை.